காற்றுக் கட்சி முத்துலிங்கம்

முத்துலிங்கத்துக்குச் சொந்தக் கருத்து என்று ஒன்று இருந்ததை நான் கண்டதில்லை. ஒரே ஒரு தடவைதான் கண்டேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் பெயர் சரோஜினிதேவி. பள்ளிக்கூடமொன்றில் உப அதிபராக இருந்து ஓய்வுபெற்றவள். கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பக்கம் போகும் ஒழுங்கையொன்றில் எங்கள் தொடர்மாடி இருக்கிறது. மூன்றாம் மாடியில் நான், எனக்கு நேர் மேலே முத்துலிங்கம் குடும்பம். எங்கள் சொல்லரங்க மன்றம் நடத்தும் பட்டிமன்றங்களில் மணி அடிப்பது என் வேலை. ஒருவருக்குப் பத்து நிமிடம். முடியப்போகிறது என்றால் ஒரு தட்டு, முடிந்தால் இரண்டு தட்டு. அதற்குப் பிறகும் வாய் மூடாதவர்களுக்கு மணியிலிருந்து கையை எடுக்கவே மாட்டேன். ஒரு முறை அரசியல்வாதி ஒருவருக்கும் அப்படி அடித்தேன். அவர் அதோடு எங்கள் மண்டபப் பக்கம் வரவில்லை. தமிழுக்கு அதனால் ஒரு நட்டமும் ஏற்படவில்லை.

என்னுடைய மணிக்குப் பயப்படாத ஒரே ஆள் முத்துலிங்கம்தான். காப்புறுதிக் கம்பனியில் எழுதுவினைஞராக இருந்த மனிதர். மெலிந்த உடம்பு, சின்னத் தலை, ஆனால் வாயைத் திறந்தால் காலி வீதி என்கிற எங்கள் பெருந்தெருவில் போகிற பஸ் நின்று கேட்கும். எங்கள் மன்றத்தில் யார் எந்தக் கட்சி பேசுவது என்று யாரும் விரும்பித் தெரிவு செய்ய முடியாது. வெற்றிலைத் தட்டில் இரண்டு கடதாசிச் சுருள் போட்டு வைப்போம். எடுத்த சுருள் எடுத்ததுதான். மற்றவர்கள் சுருளைப் பிரித்துப் பார்த்து முகம் சுளிப்பார்கள். முத்துலிங்கம் சுளித்ததே இல்லை. எதை எடுத்தாலும் "நான் நினைச்சதும் இதுதான்" என்பார்.

அதுதான் அவருடைய வியாதி. கிடைத்த கட்சியை அவர் பேசுவதோடு நிற்காமல் நம்பியும் தொலைத்துவிடுவார். சைவ உணவுக் கட்சி கிடைத்தபோது ஒரு மாதம் வீட்டில் மீன் இல்லை. மீன்காரன் மாடிப்படியில் என்னைக் கண்டு, மேல் வீட்டில் யாரும் தவறிப்போய்விட்டார்களா என்று துக்கத்தோடு விசாரித்தான். கூட்டுக் குடும்பக் கட்சி கிடைத்தபோது கனடாவில் இருக்கிற தம்பிக்கு அழைப்பு எடுத்து, பெண்சாதி பிள்ளைகளோடு உடனே வந்து தன்னுடைய இரண்டு அறை வீட்டில் இருக்கச் சொன்னார். தம்பி பயந்துபோய் அண்ணனுக்குச் சுகமில்லையா என்று எனக்கு அழைப்பு எடுத்தான்.

எதிர்க்கட்சி இல்லாவிட்டால் அவருக்குப் பேச்சு வராது. எங்கள் லிஃப்ட் பழுதானபோது திருத்த வேண்டும் என்று தொடர்மாடிக் கூட்டத்தில் உருக்கமாகப் பேசினார். எல்லோரும் ஓம் என்றார்கள். எதிர்த்துப் பேச ஒருவரும் இல்லாததைப் பார்த்துவிட்டு, அவரே எழும்பி மாடிப்படி ஏறுவது இதயத்துக்கு எவ்வளவு நல்லது என்று மறுபக்கமும் பேசினார். அதையும் எல்லோரும் ஓம் என்றார்கள். லிஃப்ட் இன்றைக்கும் பழுதாகத்தான் நிற்கிறது. என் முழங்கால் வலிக்கும் ஒவ்வொரு நாளும் அவரைத் திட்டிக்கொண்டே ஏறுகிறேன்.

அவருடைய மனைவி இராசமலர் நல்ல மனுசி, ஆனால் வாய் ஓயாது. "இந்த மனிசனிட்டச் சொதியோ சம்பலோ எண்டு கேட்டால், தீர்ப்பு வாறதுக்குள்ள இடியப்பம் காய்ஞ்சு விறைச்சுப் போகும்" என்று சொல்லுவாள். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமையும் தெரியும்.

இந்த முறை தலைப்பு, "நாட்டுக்கு ஒளி தருவது நிலக்கரியா, காற்றா?" காலத்துக்கு ஏற்ற தலைப்புத்தான். ஒரு குரங்கு மின்நிலையத்துக்குள் போய் மாட்டி நாடு முழுக்க இருண்டுபோன கதை இன்னும் எங்கள் ஒழுங்கையில் சிரிப்பாக ஓடிக்கொண்டிருந்தது. சித்திரை வெயிலில் ரோட்டுத் தார் செருப்பில் ஒட்டியது. மழை வந்தால் வாய்க்கால் வீட்டுக்குள் வந்தது. கரியைக் கொளுத்தித்தான் இந்தக் கேடு என்று ஒரு பக்கம், கரி இல்லாவிட்டால் குப்பி விளக்குத்தான் என்று இன்னொரு பக்கம், சலூனிலும் பேக்கரியிலும் ஒரே சண்டை. முத்துலிங்கம் சுருளைப் பிரித்தார். காற்று.

"நான் நினைச்சதும் இதுதான்" என்றார்.

நிலக்கரி, பாமன்கடையில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஹுசைனுக்குப் போயிற்று. நல்ல பேச்சாளர். ஆனால் ரோசக்காரர்.

அன்றிலிருந்து மேல் வீட்டுக் குளியலறையில் காற்று வீசத் தொடங்கியது. எங்கள் தொடர்மாடியில் குளியலறைச் சத்தமெல்லாம் குழாய் வழியே கீழே இறங்கும். நான் பல் துலக்கும்போதெல்லாம் "மன்னாரின் காற்று மன்னாருக்கு மட்டும் சொந்தமா?" என்று தலைக்கு மேல் ஒரு குரல் முழங்கும். மூன்று நாளில் எனக்கே பாடமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் குரல் நின்றுவிட்டது. சிறிது நேரத்தில் என் கதவு தட்டப்பட்டது. திறந்தால் முத்துலிங்கம், வியர்த்து வழிய நிற்கிறார்.

"ரீச்சர், சீட்டை மாத்தித் தாங்கோ. நான் கரி பேசுறன்."

விசயம் இதுதான். அவருடைய ஒரே மகள் தாரிகா, தன்னோடு கம்பியூட்டர் கம்பனியில் வேலை செய்யும் உமாசுதன் என்கிற மன்னார்ப் பொடியனை விரும்பியிருந்தாள். பொடியன் தங்கமான பிள்ளை. ஆனால் தகப்பன் இல்லாமல் வளர்த்த தாய் ஓம் என்று சொல்லாமல் கட்ட மாட்டேன் என்று நின்றான். தாரிகாவும் அது நியாயம்தான் என்றாள். அந்தத் தாய் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறாள். பெயர் பாக்கியலெட்சுமி. மன்னாரில் கருவாட்டு வியாபாரம், புறக்கோட்டைக் கடைகளுக்குச் சாக்குச் சாக்காக அனுப்புகிற மனுசி. இவ்வளவும் சரி. அன்று பின்னேரம்தான் தாரிகா தகப்பனுக்குப் போனில் ஒரு வீடியோவைக் காட்டியிருக்கிறாள். மன்னாரில் காற்றாலைக்கு எதிராக ஒரு ஊர்வலம். முன்வரிசையில், பதாகையைப் பிடித்துக்கொண்டு, தொண்டை நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டு வருகிறவள்தான் பாக்கியலெட்சுமி.

"அப்பா, இவதான் மாமி. அண்டைக்கு ஒரு நாள் மட்டும் வாயைத் திறக்காதேங்கோ" என்று பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள்.

"எடுத்த சீட்டு எடுத்ததுதான்" என்றேன் நான். சட்டம் என்றால் சட்டம். ஹுசைனிடமும் கேட்டுப் பார்த்தார். ஹுசைன் தான் ஏற்கெனவே கரியைக் கரைத்துக் குடித்துவிட்டதாகச் சொல்லி மறுத்துவிட்டார். கடைசியில் ஒரு வழி கண்டோம். விருந்தாளிகள் காலையில் கொட்டாஞ்சேனை உறவினர் வீட்டிலிருந்து வருகிறார்கள். மத்தியானச் சாப்பாட்டோடு திரும்பிவிடுவார்கள். பட்டிமன்றமும் அதே நாள்தான், ஆனால் பின்னேரம். காற்றும் புயலும் சந்திக்கத் தேவையில்லை.

ஞாயிறு காலை பெண் வீட்டுப் பக்கம் என்னையும் உட்காரவைத்தார்கள். பாக்கியலெட்சுமி கட்டையான, உறுதியான மனுசி. நாலு மாடியும் நடந்து ஏறி வந்தும் மூச்சு வாங்கவில்லை. மகன் பின்னால் பவ்வியமாக வந்தான். கூடவே ஒரு சாக்கு நிறையக் கருவாடும் வந்தது. அதன் மணத்தில் இராசமலர் வீட்டின் ஊதுபத்தி தோற்றுப்போயிற்று.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பாக்கியலெட்சுமி தாரிகாவைப் பக்கத்தில் இருத்தித் தலையைத் தடவினாள். சமையல் தெரியுமா என்று கேட்கவில்லை. வேலையைப் பற்றிக் கேட்டாள். எனக்கு அந்த மனுசியை அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது. முத்துலிங்கமோ வாயில் பூட்டுப் போட்டதுபோல் இருந்தார். சுகமா என்றால் தலையசைப்பு. வெயில் கூடவா என்றாலும் தலையசைப்பு. சாப்பாட்டில் உப்புக் குறைவு என்பதைக்கூட அவர் சொல்லவில்லை.

பாக்கியலெட்சுமி கை கழுவிவிட்டு வந்து, "அண்ணை நல்ல அமைதியான மனிசன். எங்கட பக்கத்தில இப்பிடி ஆம்பிளையளைக் காணுறது கஷ்டம்" என்றாள்.

அதோடு விட்டிருந்தால் கல்யாணம் முடிந்திருக்கும். ஆனால் இராசமலரால் அதைப் பொறுக்க முடியவில்லை. முப்பது வருடம் காதில் வாங்கியவள் அல்லவா?

"அமைதியோ? இவரோ? இண்டைக்குப் பின்னேரம் வந்து பாருங்கோ. மேடையில ஏறினால் இவரை இறக்கிறதுக்கு ரீச்சர் மணி அடிக்க வேணும்!"

தாரிகாவின் கையிலிருந்த கரண்டி விழுந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த வீட்டில் தவளை கணவன் என்றுதான் நான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

"ஓமோ? என்ன தலைப்பு?" என்றாள் பாக்கியலெட்சுமி.

"ஏதோ கரண்ட் விசயம்" என்றாள் இராசமலர்.

"அப்ப கேட்டிட்டே போவம். கொட்டாஞ்சேனைக்கு என்ன அவசரம்?"

முத்துலிங்கம் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

மண்டபத்தில் பாக்கியலெட்சுமியை முன்வரிசையில் இருத்தினார்கள். எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. முன்வரிசையில் நல்ல பட்டுச் சேலையோடு யாரும் புதிதாக இருந்தால் பொன்னாடை போர்த்திவிடுவோம். ஊரை மட்டும் கேட்டுக்கொள்வோம். யார், எவர் என்று பிறகு விசாரிப்போம். நடுவர் சவுந்தரநாயகம் எழும்பினார். அவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் அறிந்த நாளாக அவர் எல்லாப் பட்டிமன்றத்துக்கும் ஒரே தீர்ப்புத்தான் சொல்லியிருக்கிறார்: "இரண்டும் தேவை." தீர்ப்பை வீட்டிலிருந்தே கொண்டு வந்துவிடுவார்.

"காற்றுக் கட்சிக்கு ஆதரவு தருவதற்காக, காற்று வீசும் மன்னார் மண்ணிலிருந்தே வருகை தந்திருக்கும் அம்மையார் அவர்களுக்கு…" என்று ஆரம்பித்து, பாக்கியலெட்சுமியின் தோளில் பச்சைக் கரை போட்ட பொன்னாடை ஒன்றைப் போர்த்திவிட்டார். மண்டபம் கைதட்டியது. பாக்கியலெட்சுமி கை தட்டவில்லை. அப்போதுதான் மேடைக்குப் பின்னால் தொங்கிய துணியில் தலைப்பை வாசித்தாள். மகனைத் திரும்பிப் பார்த்தாள். உமாசுதன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முத்துலிங்கம் ஒலிவாங்கியின் முன் வந்து நின்றார். முன்வரிசையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். ஆனால் ஒலிவாங்கியைக் கண்டால் அவருக்குப் பயம் எங்கே போகுமோ தெரியாது.

"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றான் தமிழன்!" என்று தொடங்கினார். மண்டபம் அதிர்ந்தது. கரிப்புகையால் வெயில் ஏறிய கதையைச் சொன்னார். கடல் இன்னும் கொஞ்சம் ஏறினால் வெள்ளவத்தை ஸ்டேசனில் ரயிலுக்குப் பதிலாகத் தோணி பிடிக்க வேண்டியிருக்கும் என்றார். நிலத்தைத் தோண்டாமல், புகை விடாமல், சும்மா வருகிற காற்றைச் சும்மா விடலாமா என்று கேட்டார். நன்றாகத்தான் பேசினார், பொய் சொல்லக்கூடாது. பேச்சு பேச்சை இழுத்துக்கொண்டு போக, குளியலறையில் பழகிய வாய் தன்பாட்டில் அந்த வசனத்துக்கு வந்து சேர்ந்தது.

"மன்னாரின் காற்று…"

முன்வரிசையில் பாக்கியலெட்சுமி முகத்தை மெதுவாக நிமிர்த்தினாள்.

"மன்னாரின் காற்று…" என்றார் மறுபடியும். மண்டபம் காத்திருந்தது. எனக்கு மட்டும் மிச்சம் தெரியும்.

"மன்னாரின் காற்று மன்னாரிலேயே இருக்கட்டும்!" என்று கத்தினார் முத்துலிங்கம். "அதைப் பிடிக்க நாங்கள் யார்? கரி என்ன பாவம் செய்தது? கறுப்பு என்பதற்காகக் கரியை வெறுக்கலாமா? கண்ணன் கறுப்பில்லையா? காளி கறுப்பில்லையா? நிலக்கரி இல்லாவிட்டால் இந்த மின்விசிறி சுற்றுமா?"

அந்தச் சொல்லைக் கேட்டதுபோல மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது. பின்பக்கம் டீசல் ஜெனரேட்டர் உறுமித் தொடங்க, கரும்புகை யன்னலால் உள்ளே வந்தது. டீசலுக்கு ஆதரவாகப் பேச அன்று அங்கே ஒருவரும் இல்லை.

பட்டிமன்ற வரலாற்றில் நடுப்பேச்சில் கட்சி மாறிய முதல் ஆள் முத்துலிங்கமாகத்தான் இருக்க வேண்டும். நான் மணியை அடித்தேன். நேரம் முடியவில்லை, ஆனால் வேறு என்ன செய்வது? ஹுசைன் துள்ளி எழும்பினார்.

"நடுவர் ஐயா, இது என்ன அநியாயம்? ஏன்ட பொயின்ட் எல்லாத்தையும் இவர் பேசிட்டாரே! கண்ணன் கறுப்பு ஏன்ட பொயின்ட். காளியும் ஏன்ட பொயின்ட்தான். இனி நான் என்னத்தப் பேசிய?"

ரோசக்காரர் என்று சொன்னேனே. ஒலிவாங்கியைப் பறித்துக்கொண்டு, "சரி, அப்ப நான் காத்துக்குப் பேசியன்!" என்று சொல்லிப் பத்து நிமிடம் காற்றைப் புகழ்ந்து தள்ளினார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சவுந்தரநாயகம் மட்டும் அசையவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த தீர்ப்பை எடுத்து, "இரண்டும் தேவை" என்று வாசித்துவிட்டு இருந்தார். அன்றைக்கு அது எப்படியோ பொருந்தியும் போயிற்று.

முடிந்ததும் மண்டபத்தின் பின்பக்கம் வடையும் பிளேன்டீயும். முத்துலிங்கம் ஒரு மூலையில் வடையைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்காமல் நின்றார். தாரிகா அவருக்குப் பக்கத்தில். சனத்தை விலக்கிக்கொண்டு பாக்கியலெட்சுமி வந்தாள். பொன்னாடையை மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"அண்ணை, நீங்கள் ஏன் கடைசியில கரிக்குப் போனீங்கள்?"

"இல்ல அக்கா…" என்றார் முத்துலிங்கம். அவள் அவரைவிட வயது குறைந்தவள். பயத்தில் அக்காவாகிவிட்டாள். "நீங்கள் காத்தாடிக்கு எதிரெண்டு பிள்ளை சொன்னவள். அப்ப நீங்கள் கரிக்குத்தானே ஆதரவு?"

"நான் கரிக்கு ஆதரவெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

முத்துலிங்கம் விழித்தார். முப்பது வருடமாக வெற்றிலைத் தட்டில் இரண்டே இரண்டு சுருளைப் பார்த்த மனிதர். ஒன்று இல்லாவிட்டால் மற்றது. மூன்றாவது சுருள் ஒன்று இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. எனக்கு மட்டும் தோன்றியதா என்ன?

"எங்கட கடலும் சூடேறித்தான் கிடக்கு" என்றாள் பாக்கியலெட்சுமி. "மீன் வர வரத் தூரப் போகுது. கருவாடு விக்கிற எனக்கு அது தெரியாதே? கரிப்புகை நல்லதெண்டு சொல்ல எனக்கென்ன விசரே? காத்தாடி கூடாதெண்டும் நான் சொல்லேல்ல. மழைத்தண்ணி ஓடிற வழி எது, வள்ளம் இழுக்கிற கரை எது, பறவை வந்து இறங்கிற இடம் எது எண்டு எங்களிட்ட ஒருக்காக் கேட்டிட்டு நடுங்கோ எண்டுதான் ரோட்டில நிண்டு கத்தினனாங்கள். ஒருத்தரும் கேக்கேல்ல. நீங்களும் கேக்கேல்ல. காலமை முழுக்க எனக்கு முன்னாலதானே இருந்தனீங்கள்?"

முத்துலிங்கம் தலை குனிந்தார்.

"அதைக்கூட விடுவம். என்ர முகத்தைக் கண்டோண்ண கட்சியை மாத்திப்போட்டீங்கள். நாளைக்குப் பிள்ளையளுக்குள்ள ஒரு பிரச்சினை எண்டு வந்தால், பெரியாக்கள் எண்டு உங்களிட்டத்தானே வருவினம்? அப்ப நீங்கள் ஆற்ர முகத்தைப் பார்ப்பீங்கள்? இப்பிடி ஒரு வீட்டில சம்பந்தம் வைக்க எனக்குப் பயமாக் கிடக்கு அண்ணை."

தாரிகாவின் கண் நிரம்பிவிட்டது. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். அந்தப் பிள்ளை தவழுகிற காலத்திலிருந்து எனக்குத் தெரியும். பார்க்க நெஞ்சு பொறுக்கவில்லை. மணி மேசையில் இருந்தது நல்லதாகப் போயிற்று. கையில் இருந்திருந்தால் முத்துலிங்கத்தின் தலையில் அடித்திருப்பேன்.

பாக்கியலெட்சுமியும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது.

"சரி. ஒரு காரியம் செய்வம். அடுத்த மாசம் மன்னாரில எங்கட ஆக்கள் ஒரு கூட்டம் வைக்கினம். கொழும்பில இருந்து நல்லாப் பேசக்கூடின ஒராள் வேணும். நீங்கள் வந்து எங்கட பக்கம் பேசுங்கோ. அங்க வைச்சுக் கல்யாணத்தையும் கதைப்பம்."

இராசமலருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அதுக்கென்ன, பேசுவார்! இவர் எந்தப் பக்கமும் பேசுவார்!" என்றாள். நற்சான்று என்று நினைத்துத்தான் சொன்னாள்.

நானும் மூச்சு விட்டேன். வாய் உள்ள பிள்ளை பிழைக்கும். இதைவிடச் சுலபமான காரியம் முத்துலிங்கத்துக்கு உண்டா? ஓம் என்று ஒரு சொல் சொன்னால் மகள் வாழ்க்கை சரி. பிறகு ஒரு மாதம் குளியலறையில் காற்றாலைக்கு எதிராக முழங்குவார். அதை நான் தாங்கிக்கொள்வேன்.

முத்துலிங்கம் வடையைத் தட்டில் வைத்தார். மகளைப் பார்த்தார். பாக்கியலெட்சுமியைப் பார்த்தார். அந்த மனிதர் சொல்லுக்குத் தவித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இல்ல அக்கா" என்றார்.

இராசமலர் அவர் கையில் கிள்ளினாள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"நான் மன்னாருக்கு வந்ததே இல்ல. காத்தாடியைக் கிட்ட நிண்டு பார்த்ததில்ல. கரி எரியிற இடத்தையும் பார்த்ததில்ல. அங்க கத்தினது முழுக்கப் பேப்பரில வாசிச்சது. எது சரியெண்டு எனக்குத் தெரியாது." தெரியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான். "நான் வந்து பார்க்கிறன். தண்ணி ஓடிற வழியைக் காட்டுங்கோ. உங்கட ஆக்களிட்டையும் கேக்கிறன், காத்தாடி நட்ட ஆக்களிட்டையும் கேக்கிறன். நீங்கள் சொல்லுறது சரியெண்டு எனக்குப் பட்டால் தொண்டை கிழியப் பேசுவன். படாட்டில் பேச மாட்டன். பிள்ளையின்ர கல்யாணத்துக்காகவும் பேச மாட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பிறகு மகள் பக்கம் திரும்பினார். குரல் உடைந்துவிட்டது.

"பிள்ளை, அப்பா கெடுத்துப்போட்டன் போல."

ஹுசைன்கூடக் கையிலிருந்த வடையை மறந்துவிட்டு நின்றார். தாரிகா கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டாள். லிஃப்டையும் முழங்காலையும் அந்த நிமிடம் மறந்துபோனேன். முழுசாகப் பேசியது ஒரு நிமிடம் இருக்காது. இவ்வளவு வருடமாக நான் மணியடித்துக் கேட்ட பேச்சுகளில் அதுதான் பேச்சு.

பாக்கியலெட்சுமி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையிலிருந்த பொன்னாடையை உதறி விரித்தாள். பச்சைக் கரை மேலே தெரிய, முத்துலிங்கத்தின் மெலிந்த தோளில் போர்த்திச் சரிசெய்தாள்.

"எங்களைப் பற்றிக் கொழும்பில இருந்து பேசினவை கன பேர். எங்கட பக்கம் பேசினவையும் கன பேர்தான். ஒருத்தரும் வந்து பார்க்கேல்ல. பார்த்திட்டுப் பேசுறன் எண்டு சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்ப வாறீங்கள், சம்பந்தி?"

முத்துலிங்கம் வாயைத் திறந்தார். பிறகு பொன்னாடையின் ஓரத்தை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.